கலங்கிய நீச்சல் தொட்டி: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு நீச்சல் தொட்டி 24 அடி நீளம், 12 அடி அகலம். ஆழம் ஒரு பக்கம் மூன்றரை, மறு பக்கம் ஐந்தரை, சராசரி நாலரை அடி. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு ஓரத்தில் கட்டி ஆறு வருடம் ஆகிறது, அதில் முதல் இரண்டு வருடம் தண்ணீர் தெளிவாக இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது தளி, ராயக்கோட்டை, பாலக்கோடு என்று எல்லாப் பக்கமும் தோட்ட வீட்டோடு தொட்டி கட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள், கலங்கிய தண்ணீரைப் படம் எடுத்து அனுப்பி "அண்ணா, இதுக்கு என்ன போடறது" என்று கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கீழே வரும் அளவுகள் எல்லாம் எங்கள் தொட்டிக்கு, அதாவது சுமார் 36,700 லிட்டருக்கு. உங்கள் தொட்டியின் நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். அதற்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மோர் மாதிரி ஆகிவிட்டது. முதலில் என்ன போட வேண்டும்?

ஒன்றும் போடாதீர்கள். யாரையும் இறங்கவும் விடாதீர்கள். கரையில் நின்று பார்த்தால் ஆழமான பக்கத்து அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால், ஒரு பிள்ளை மூழ்கி அடியில் கிடந்தாலும் தெரியாது. மே மாத விடுமுறைக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள் துண்டோடு வந்து நிற்கும்போது இன்றைக்கு வேண்டாம் என்று சொல்வது கஷ்டம்தான், அழுவார்கள், மாமா மோசம் என்பார்கள், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் மோட்டாரை ஓட விட்டு, ஃபில்டரில் இருக்கும் அழுத்த மீட்டரைப் பாருங்கள், தண்ணீர் எடுத்துச் சோதியுங்கள். கலங்கல் என்பது ஒரே நோய் இல்லை, காய்ச்சல் மாதிரி, பல காரணத்தால் வரும். காரணம் தெரியாமல் நாலு மருந்தை ஊற்றினால் ஐந்தாவதாக ஒரு கோளாறு சேரும். நான் இரண்டு வருடம் செய்தது அதுதான்.

காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களிடம் பரிசோதனைக் கூடமெல்லாம் இல்லையே.

கூடம் வேண்டாம், இரண்டு கண்ணாடி டம்ளர் போதும். இரண்டிலும் தொட்டித் தண்ணீரை நிரப்புங்கள். ஒன்றில் ஒரு கரண்டி வினிகர் விட்டுக் கலக்கி ஐந்து நிமிடம் பாருங்கள். கலங்கல் கரைந்து தெளிந்துவிட்டால் அது சுண்ணாம்பு, அதாவது போர் தண்ணீரின் உப்பு. இன்னொரு டம்ளரை ஆட்டாமல் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் அடியில் மெல்லிய படிவு நின்றால் தூசி, மண் அல்லது செத்த பாசி. வினிகருக்கும் அசையவில்லை, காலையிலும் அப்படியே கலங்கலாக நிற்கிறது என்றால் மிக நுண்ணிய களிமண், கல்தூள், அல்லது ஃபில்டர் பிடிக்காமல் திரும்பத் திரும்ப உள்ளே விடும் அழுக்கு.

இதோடு ஒரு சோதனைக் கிட் கட்டாயம் வாங்குங்கள். குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 7.2 முதல் 7.6, காரத்தன்மை (பிஹெச் சட்டென்று ஆடாமல் தாங்கும் சக்தி) 80 முதல் 120 பிபிஎம் என்பது பொதுவான கணக்கு. மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து மொத்தக் குளோரினை மட்டும்தான் சொல்லும், அதில் எவ்வளவு வேலை செய்யும் நிலையில் இருக்கிறது என்று சொல்லாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி கிட் கொஞ்சம் விலை கூடினாலும் அதுதான் உபயோகம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த இளஞ்சிவப்பே வெளுத்துப்போய் குளோரின் இல்லாதது போலக் காட்டும். நம்பி இன்னும் கொட்டிவிடாதீர்கள்.

எங்கள் போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. தொட்டியில் விட்டு குளோரின் போட்ட மறுநாளே வெளுத்துப்போகிறதே?

நம் இரண்டு மாவட்டத்திலும் பாதிக் கேள்வி இதுதான். நம் கீழே இருப்பது கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளில் நெடுநாள் தேங்கி நின்ற தண்ணீரைத்தான் பல நூறு அடி போட்டு மேலே எடுக்கிறோம், அதில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கும். எங்கள் போரில் இந்தக் கடினத்தன்மை 580 பிபிஎம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 200, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை. நீச்சல் தொட்டிக்கு 200 முதல் 400 வரை இருந்தால் தொல்லை இல்லை.

உப்பு கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் சூடானாலோ பிஹெச் ஏறினாலோ அது கரைசலை விட்டுச் சுண்ணாம்புத் தூளாக வெளியே வரும். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, கெய்சர் காயிலில் ஓடு கட்டுகிறதே, அதே சமாச்சாரம் தொட்டி முழுக்க நடக்கிறது. சித்திரை வெயில் தண்ணீரைச் சூடாக்குகிறது. பிளீச்சிங் பவுடரும் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையும் பிஹெச்சை ஏற்றி, கூடவே கால்சியத்தையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. வெளுக்காமல் என்ன செய்யும்? "குளோரின் பத்தலை" என்று இன்னும் கொட்டுகிறார்கள், இன்னும் வெளுக்கிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோடையில் எங்கள் தொட்டியில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் வற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் 160 லிட்டர், மாதத்துக்கு 4,800 லிட்டர். ஆவியாகப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நின்றுவிடும். அதை ஈடுகட்ட 580 கடினத்தன்மையுள்ள போர் தண்ணீரை விட்டால் மாதம் 2.8 கிலோ சுண்ணாம்பை நானே கொட்டுவதற்குச் சமம், தொட்டியின் கடினத்தன்மை மாதம் 75 போல ஏறும். மூன்று வருடமாகத் தண்ணீர் மாற்றாத தொட்டிகளில் அளந்தால் 1,000-க்கு மேல் காட்டுவது இதனால்தான். ஓட்டுக் கூரையோ தளமோ, வீட்டு மழைத்தண்ணீரை ஒரு சம்பில் பிடித்து அதை மேல்நிரப்புக்கு வையுங்கள். 1,000 சதுர அடித் தளத்தில் ஒரு அங்குல மழைக்கு 2,300 லிட்டர் போல விழும், அதில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

சரி, சுண்ணாம்புக் கலங்கல் என்று தெரிந்துவிட்டது. எப்படிப் போக்குவது?

பிஹெச்சை இறக்க வேண்டும். அதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம், கடையில் ஆசிட் என்று கேட்டாலே கொடுப்பார்கள், ஆனால் தள்ளுவண்டியில் வரும் பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அதன் வீரியம் அதை விற்பவருக்கே தெரியாது. 30-33 சதவீதம் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எங்கள் தொட்டியில் பிஹெச் 8 இருந்தால் அரை லிட்டரில் தொடங்குவேன். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அதற்கு மேல் ஆசிட், இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள், ஆசிட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, மோட்டார் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாய்க்கு எதிரே, ஆழமான பக்கம், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று ஊற்றுங்கள். நான்கு மணி நேரம் கழித்து அளந்து, தேவையென்றால் இன்னும் கொஞ்சம்.

பிஹெச் 7.2 பக்கம் வந்ததும் சுண்ணாம்பு மறுபடி கரைந்து, பல நேரம் அன்று ராத்திரிக்குள்ளேயே தண்ணீர் தெளிந்துவிடும். பார்க்க மாயம் போல இருக்கும். ஆனால் உப்பு எங்கும் போகவில்லை, ஒளிந்துகொண்டது, அவ்வளவுதான். பிஹெச் ஏறினால் திரும்பி வரும். கடின நீர்த் தொட்டிக்கு நான் பிஹெச்சை 7.2-7.4 என்றும் காரத்தன்மையைப் பொதுக் கணக்கைவிடக் கொஞ்சம் தாழ்வாக, 60-80 என்றும் வைத்துக்கொள்கிறேன். வெளியூர் வீடியோவில் காரத்தன்மை ஏற்றச் சமையல் சோடா போடச் சொல்வார்கள். நம் ஊர்ப் போர் தண்ணீரில் அது ஏற்கெனவே ததும்பி வழிகிறது, பெரும்பாலும் தேவைப்படாது.

பிளீச்சிங் பவுடர் மலிவாகக் கிடைக்கிறதே, போடக் கூடாதா?

போடலாம், அப்படியே அள்ளிக் கொட்டக் கூடாது. அதில் கிடைக்கும் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான், மிச்சத்தில் கரையாத சுண்ணாம்பும் நிறைய இருக்கும். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலப்பவரைக் கவனித்திருந்தால் தெரியும், வாளியில் கரைத்து, அடியில் கசடு படியும் வரை விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுவார். அதையே செய்யுங்கள். நம் கடின நீருக்கு எனக்குப் பிடித்தது திரவ சோடியம் ஹைப்போகுளோரைட், அது கால்சியம் சேர்ப்பதில்லை. வெயிலில் வைத்தால் வீரியம் வேகமாக இறங்கும் என்பதால் கேன் கேனாக வாங்கிக் குவிக்காமல் இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்கி நிழலில் வைக்கிறேன்.

மாத்திரை போட்டு மிதக்க விட்டால் வேலை மிச்சம் இல்லையா?

வேலை மிச்சம்தான். டிசிசிஏ என்று விற்கும் குளோரின் மாத்திரை 90 சதவீதக் குளோரின், மெதுவாகக் கரையும், பிஹெச்சையும் ஏற்றாது. ஆனால் ஒவ்வொரு மாத்திரையும் சயனூரிக் அமிலத்தை விட்டுவிட்டுப் போகும். அது வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் குடை, 30-50 பிபிஎம் வரை நல்லது. அதற்கு மேல் ஏறினால் அந்தக் குடைக்குள்ளேயே குளோரின் முடங்கிவிடும். கிட்டில் 3 பிபிஎம் காட்டும், தண்ணீர் மட்டும் மங்கலாக, வழுவழுப்பாக இருக்கும்.

எங்கள் தொட்டியில் ஒரு கிலோ மாத்திரைக்குச் சயனூரிக் 15 போல ஏறுகிறது. ஐந்து கிலோ கரைந்தால் 75. இது ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. வழி ஒன்றுதான், பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது. நான் ஊருக்குப் போகும்போது மட்டும் மாத்திரை போடுகிறேன், மற்ற நாளில் திரவம்.

குளோரின் வாடை தூக்குகிறது, கண் எரிகிறது. குளோரின் அதிகமாகிவிட்டதா?

பெரும்பாலும் நேர்மாறு, குளோரின் போதவில்லை. வியர்வை, சிறுநீர், சோப்பு, தலை எண்ணெய் இவற்றோடு சேர்ந்து செயலிழந்த குளோரின்தான் அந்த வாடையைத் தருகிறது. மொத்தக் குளோரினிலிருந்து சுதந்திரக் குளோரினை, அதாவது இன்னும் வேலை செய்யும் நிலையில் இருப்பதை, கழித்தால் அதன் அளவு தெரியும். கழித்து வருவதைப்போலப் பத்து மடங்கு குளோரினை ஒரே தடவையில் கொடுத்தால்தான் அது உடையும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் வாடை இன்னும் கூடும்.

எங்கள் தொட்டியில் 10 பிபிஎம் ஏற்ற 367 கிராம் சுத்தக் குளோரின் வேண்டும். 10 சதவீதத் திரவமாக என்றால் 3.7 லிட்டர், 65 சதவீதக் குருணையாக என்றால் 565 கிராம், பிளீச்சிங் பவுடராக என்றால் 1.1 கிலோ. பொழுது சாய்ந்த பிறகு போடுங்கள். சயனூரிக் இல்லாத தண்ணீரில் பகல் வெயில் ஒரு மணி நேரத்திலேயே பாதிக் குளோரினைத் தின்றுவிடும், நண்பகலில் போடுவது பணத்தை மொட்டை மாடியில் காயப் போடுவது போல. மறுபடி 3-க்குள் இறங்கிய பிறகு குளிக்கலாம். நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு நேராகத் தொட்டியில் குதிக்கும் உறவுக்காரர்களை என்ன செய்வது என்று கேட்காதீர்கள், பக்கத்தில் ஒரு ஷவர் வைத்துவிட்டு நான் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

அந்தக் காலத்தில் கிணற்றில்தானே நீந்தினோம்? மருந்தே போடாமல் தெளிவாக இருந்ததே?

என் மாமனார் இதை வாரம் ஒரு முறை கேட்பார். சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழகிய தலைமுறை, கேட்க உரிமை உண்டு. கிணறு இருபது முப்பது அடி ஆழம், வெயில் நேராக விழுவது உச்சிப் பொழுதில் கொஞ்ச நேரம், அதனால் தண்ணீர் குளிர்ந்திருக்கும், பாசி சீக்கிரம் பரவாது. தினம் மோட்டார் வைத்து வயலுக்கு இறைத்தார்கள், அடியில் புது ஊற்று ஊறியது, பழைய தண்ணீர் தங்கவே இல்லை. மீனும் இருந்தது. நம் தொட்டியோ ஆளுயர ஆழம்கூட இல்லாமல், வெயிலில் விரித்து வைத்த தட்டு மாதிரி, அதே தண்ணீரில் மாதக்கணக்காகக் குளிக்கிறோம். தினம் 36,000 லிட்டரை மாந்தோப்புக்கு விட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப முடிந்தால் நீங்களும் மருந்தில்லாமல் இருக்கலாம். அதோடு, கிணற்றில் காதில் சீழ் வந்தவர்களும் இருந்தார்கள், அதை மட்டும் யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? கரண்ட் பில் ஏறுகிறதே.

எங்கள் ஒரு ஹெச்பி மோட்டார் மணிக்கு 10,000 லிட்டர் போலத் தள்ளுகிறது, அதாவது மூன்றே முக்கால் மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரு சுற்று. ஒரு சுற்றில் எல்லாத் தண்ணீரும் ஃபில்டர் வழியே போய்விடும் என்று நினைக்காதீர்கள். சுத்தமான தண்ணீர் திரும்பிவந்து அழுக்கோடுதானே கலக்கிறது, அதனால் ஒரு சுற்றுக்கு மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் போயிருக்கும், மூன்று சுற்றுக்கு 95 சதவீதம். சாதாரண நாளில் கோடையில் இரண்டு சுற்று, குளிர்காலத்தில் ஒன்று போதும். கலங்கிய நாளில் இரவு பகல் நிறுத்தாமல் ஓட விடுங்கள். அந்த இரண்டு நாள் கரண்ட் காசு, கண்ட பவுடர் வாங்கும் காசைவிடக் குறைவு.

தினமும் பேக்வாஷ் செய்கிறேன், ஆனாலும் தெளியவில்லையே?

பேக்வாஷ், அதாவது தண்ணீரைத் தலைகீழாக ஓட்டி ஃபில்டர் மணலைக் கழுவுவது, தினமும் செய்வதால்தான் தெளியவில்லையோ என்னவோ. மணல் ஃபில்டரில் கொஞ்சம் அழுக்கு படிந்த பிறகுதான் அது நுண்ணிய தூசியைப் பிடிக்கும், பழகிய வடிகட்டித் துணி மாதிரி. கழுவியவுடன் மீட்டர் 10 பிஎஸ்ஐ காட்டினால், 18-20 ஆகும்போது பேக்வாஷ் செய்யுங்கள். கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும் வரை, இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் ரின்ஸ் நிலையில் அரை நிமிடம், இதை விட்டால் அழுக்கு அப்படியே தொட்டிக்குள் போகும். ஃபில்டர் வால்வின் கைப்பிடியைத் திருப்பும் முன் ஒவ்வொரு தடவையும் மோட்டாரை நிறுத்துங்கள்.

மணலே தப்பாக இருந்தால் எதுவும் உதவாது. எங்கள் தொட்டியைக் கட்டியவர், ஃபில்டருக்கு உரிய சிலிக்கா மணல் வர நாளாகும் என்று, வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்டைச் சலித்து உள்ளே போட்டுவிட்டார். எம்-சாண்ட் என்பது உடைத்த கல், அதில் தூள் கலந்தே இருக்கும். மோட்டாரைப் போட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு புகை தொட்டிக்குள் வரும், நாங்கள் அதைப் பாசி என்று நினைத்து நாலு மாதம் மருந்து ஊற்றினோம். கடைசியில் ஃபில்டரைத் திறந்து கையால் அள்ளிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது, அந்த ஆளுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அரை மில்லிமீட்டர் அளவுள்ள, ஒரே சீரான சிலிக்கா மணல்தான் வேண்டும். ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நம் ஊரில் சுண்ணாம்பு மணலைக் கட்டியாக்கிவிடும், அதனால் வருடம் ஒரு முறை திறந்து விரலால் குத்திப் பாருங்கள். ஓடு கட்டியிருந்தால் தண்ணீர் ஒரே ஓட்டை வழியாகப் போய்விடும், வடிகட்டவே வடிகட்டாது.

படிகாரம் போட்டால் தெளியும் என்கிறார்களே?

மண், கல்தூள் கலங்கலுக்குத் தெளியும். களிமண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும், அதனால்தான் வாரக்கணக்கானாலும் அடியில் இறங்காது. படிகாரம் அந்தத் தள்ளலைக் கெடுத்து அவற்றைத் திரளாகச் சேர்த்து எடை கூட்டுகிறது. முறை தெரியாமல் போட்டால் அந்தத் திரள் ஃபில்டரில் போய் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் தொட்டிக்கு ஒன்றரை கிலோ படிகாரத்தூளை வாளிகளில் கரைத்து, பிஹெச் 7 பக்கம் இருக்கும்போது, சாயங்காலம் சுற்றிலும் ஊற்றுவேன். வால்வை ஃபில்டரில் வைக்காமல் ரீசர்குலேட்டில் (தண்ணீர் மணல் வழியே போகாமல் சுற்றும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிக் கலக்கிவிட்டு மோட்டாரை நிறுத்திவிடுவேன். ராத்திரி யாரும் கையைக்கூட விடக் கூடாது. காலையில் மேலே தண்ணீர் பளிங்காக இருக்கும், அடியில் பஞ்சு விரித்தது போல ஒரு படலம். வால்வை வேஸ்ட்டில் வைத்து, வேக்குவம் தலையை நத்தை வேகத்தில் நகர்த்தி, அந்தப் படலத்தை நேராக வெளியே எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் எழும்பிவிடும், திரும்ப ஒரு ராத்திரி. மூன்று நாலாயிரம் லிட்டர் தண்ணீர் போகும், அதற்குத் தயாராக இருங்கள். முடிந்ததும் பிஹெச் பாருங்கள், படிகாரம் அதை இறக்கியிருக்கும். மணலுக்குப் பதில் மடிப்புத் துணி உருளை உள்ள கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

தேத்தாங்கொட்டையை உரைத்து விடலாமா என்றும் ஒருவர் கேட்டார். பானையின் உள்பக்கம் உரைத்தால் கலங்கல் தெளியும், தேற்றுகிற கொட்டை என்பதால்தான் அந்தப் பெயரே. 36,000 லிட்டருக்கு உரைக்க எந்த அம்மிக்கும் தெம்பு கிடையாது.

குளோரின் போட்டதும் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறிவிட்டது.

போரில் இரும்பு இருக்கிறது. கரைந்திருந்த இரும்பைக் குளோரின் துருவாக்கிவிட்டது. புதுத் தண்ணீர் நிரப்பும் முன் ஒரு வெள்ளை வாளியில் போர் தண்ணீர் பிடித்துக் கொஞ்சம் குளோரின் விட்டுப் பாருங்கள், நிறம் மாறினால் முன்கூட்டியே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தண்ணீரைத் தோட்டத்துச் சிமெண்ட் தொட்டியில் உயரத்திலிருந்து கொட்ட விட்டு, இரண்டு நாள் படிய வைத்து, மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே நிறம் மாறிய தொட்டிக்கு இடைவிடாமல் மோட்டார், அடிக்கடி பேக்வாஷ், தேவைப்பட்டால் மேலே சொன்ன படிகார முறை.

பச்சையாகக் கலங்குகிறது. மயில்துத்தம் போடலாமா?

வேண்டாம். பாசியைக் கொல்லும்தான், ஆனால் அதில் இருக்கும் தாமிரம் தொட்டியில் தங்கி டைல்ஸில் கறை பிடிக்கும், நரைத்த முடி பச்சை பூசும். சுவரையும் படிகளையும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, பிஹெச்சை 7.2-க்கு இறக்கி, சாயங்காலம் 10 பிபிஎம் குளோரின், மறுநாள் அளந்து குறைந்த அளவைத் திரும்ப ஏற்றுவது, இப்படி மூன்று நாலு நாள். பச்சை முதலில் சாம்பல் நிறக் கலங்கலாக மாறும். பயப்படாதீர்கள், அது செத்த பாசி, ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். பக்கத்து வயலில் டிஏபியும் யூரியாவும் வீசும் நாட்களில் மூடி வையுங்கள், பயிருக்குப் போடும் உரம் பாசிக்கும் உரம்தான்.

மாம்பூ விடும் சமயத்திலும், ஆடிக் காற்றிலும் தொல்லையாக இருக்கிறது.

தை, மாசியில் பூ மட்டும் விழுவதில்லை, தத்துப்பூச்சி விடும் தேன் போன்ற பிசுக்கும் காற்றில் வந்து மேற்பரப்பில் படரும், அது குளோரினை உறிஞ்சிவிடும். அந்த இரண்டு மாதம் தினம் காலை வலையால் அள்ளுங்கள், குளோரினை 3 பக்கம் வையுங்கள், தோப்பில் மருந்து அடிக்கும் அன்று தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். ஆடிச் செம்மண் தூசிக்கும் மூடிதான் வழி. கோடை மழைக்கு வாசல் தண்ணீர் செம்மண்ணோடு வழிந்து உள்ளே வருகிறது என்றால் மருந்தால் தீராது, தொட்டி விளிம்பை அரை அடி உயர்த்திக் கட்டுங்கள்.

நம் மாவட்டத் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்கிறார்களே, அதனால் கலங்குமா? பிள்ளைகளுக்கு ஆகாதா?

புளோரைடால் கலங்காது, அது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. அதனால்தான் நம் ஊர்களில் பல்லில் காவி படியும் வரை யாருக்கும் புரியவில்லை. குடிநீருக்கு ஏற்கும் அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், அதிகபட்சம் 1.5. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டத்துக்கும் ஓடத் தொடங்கியது. குளிப்பதால் தோல் வழியே புளோரைடு ஏறிவிடாது, குடிக்காமல் இருந்தால் சரி. ஆவியாகி ஆவியாகி அதுவும் உப்பு போலக் கூடும் என்பதால், வாயில் பிடித்துத் துப்பி விளையாடும் சின்னப் பிள்ளைகளைத் தடுத்து வையுங்கள். தொட்டிக்குப் போடும் படிகார அளவுக்கெல்லாம் புளோரைடு போகாது. அப்புறம், ஒகேனக்கல் குழாயைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊரில் குடத்தோடு வரிசை நிற்கும்போது அதைச் செய்யாதீர்கள்.

எல்லாத் தண்ணீரையும் காலி செய்துவிட்டு லாரி தண்ணீர் அடித்துவிட்டால்?

லாரியிலும் வருவது யாரோ ஒருவர் போர் தண்ணீர்தானே, அதே கடினத்தன்மை வரும். கடினத்தன்மையோ சயனூரிக்கோ எல்லை மீறியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று மாற்றுங்கள். முழுக்கக் காலி செய்வது ஆபத்து. ஐப்பசி மழை முடிந்து நிலத்தடி நீர் மேலே நிற்கும் சமயத்தில் காலித் தொட்டியைக் கீழிருந்து தண்ணீர் தள்ளும், ஃபைபர் தொட்டி படகு மாதிரி எழும்பிவிடும். சித்திரையில் காலியாக விட்டால் டைல்ஸ் வெயிலில் வெடித்துக் கிளம்பும்.

காற்றடித்து வைக்கும் சின்ன பிளாஸ்டிக் தொட்டி கலங்கினால்?

கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுங்கள். சில நூறு லிட்டருக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். பிள்ளைகள் ஏறிய பிறகு தண்ணீரை விட்டு வைக்காதீர்கள்.

எத்தனை நாளில் தெளியும்?

சுண்ணாம்பு என்றால் ஒரு நாள். படிகாரம் போட்டு எடுத்தால் இரண்டு நாள். தூசி, ஃபில்டர் மட்டும் நம்பினால் மூன்று நாலு நாள். செத்த பாசி ஒரு வாரம்கூட இழுக்கும். நேற்றைவிட இன்று அடி கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் சரியாகப் போகிறது, கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

மருந்தெல்லாம் மோட்டார் ரூமிலேயே வைக்கலாமா?

தோட்டத்து மோட்டார் ரூமை நினைத்துப் பாருங்கள்: யூரியா மூட்டை, டீசல் கேன், பழைய ஆயில், மேலே ஒழுகும் ஆஸ்பெஸ்டாஸ். குளோரின் குருணை அங்கே இருக்கவே கூடாது, டீசலோ ஆயிலோ பட்டால் தானாகத் தீப்பிடிக்கும். டிசிசிஏ மாத்திரையும் பிளீச்சிங் அல்லது ஹைப்போகுளோரைட் குருணையும் ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும், ஒரே கரண்டியை இரண்டுக்கும் போடாதீர்கள், மாத்திரை மிதவைக்குள் குருணையை நிரப்பாதீர்கள். ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு, அதனால் ஒரே நாளில் இரண்டும் போட வேண்டியிருந்தால் நடுவே சில மணி நேரம் மோட்டாரை ஓட விடுகிறேன். எங்கள் வீட்டில் ஆசிட் வெளியே ஒரு பெட்டியில், குளோரின் காற்றோட்டமான தனி அலமாரியில், இரண்டுக்கும் பூட்டு.

வெளியேற்றும் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?

விடலாம், குளோரின் போன பிறகு. மருந்தை நிறுத்தி நாலைந்து நாள் வெயில் காயவிட்டு, சொட்டு மருந்தில் நிறமே வராத அன்று திறந்துவிடுங்கள். மாத்திரை போட்ட தொட்டியில் இன்னும் சில நாள் ஆகும். தென்னை இந்த உப்பைத் தாங்கும். தக்காளி நாற்று, ரோஜா, மல்பெரிக்கு விடாதீர்கள், ஏரிக்கோ மீன் குட்டைக்கோ போகும் கால்வாயிலும் விடாதீர்கள். படிகாரக் கசடை மட்டும் வேலியோரம் ஒரு குழியில்.